ஸ்டெப்னி எங்க மாப்ள?

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. டிராஃப்டில் தூங்கிக்கிட்டிருக்கிற ரெண்டு மூணு விஷயத்தைத் தூசு தட்டலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா போன மாசம் நடந்த ஒரு சமாச்சாரம் முந்திக்கிட்டு வந்து நிக்குது. அதுல ஆரம்பிச்சு நூத்திச் சொச்சம் வருஷம் பின்னாடி போய்ட்டு வரப்போறேன். கொசுவத்தி கொஞ்சம் பெருசு, பொறுத்துக்குங்க :-)

நமக்கு ஜாகை மாங்காடு. காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். நம்ம வண்டி 2015 மாடல், செகண்ட் ஹேண்ட். பெட்ரோல் விலைக்குப் பயந்து ரெண்டு வருஷம் முன்னாடி அதுக்கு சி.என்.ஜி. கிட் போட்டேன். டிக்கியில் சிலிண்டர் ஏறி உட்கார்ந்ததும், அதுக்குக் கீழே குழியில் இருந்த ஸ்டெப்னியை எடுக்கவே வழியில்லாமப் போச்சு. கிட் மாட்டினவர் ரொம்ப சாதாரணமா சொன்னார்: "இப்பல்லாம் டியூப்லெஸ் சார். யாரு ஸ்டெப்னி மாத்தறா? வீட்ல வச்சிடுங்க. வெயிட்டும் குறையும்." எனக்கும் அது சரின்னுதான் பட்டது. ஸ்டெப்னி மொட்டை மாடிக்குப் போச்சு. டிக்கியில் ஒரு பஞ்சர் கிட், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிக் காத்தடிக்கிற சின்ன மெஷின். முடிஞ்சது வேலை.

போன மாசம் மீஞ்சூர் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி லேட்டாகும் போலிருந்தது, வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கலாம்னு கிளம்பிட்டோம். வண்டியில் நான், தங்கமணி, மாமா, அத்தை. அவுட்டர் ரிங் ரோட்டில் நெமிலிச்சேரி தாண்டி வரும்போது ராத்திரி பத்தே கால் இருக்கும். டமால். இறங்கிப் பார்த்தா பின்னாடி இடது பக்க டயர். ரோட்டில் கிடந்த ஏதோ இரும்புத் துண்டு, தரையில் படற பாகத்தை விட்டுட்டு பக்கவாட்டில் கிழிச்சிருக்கு. கட்டை விரல் நுழையற கிழிசல். கிட்டை எடுத்து ஸ்ட்ரிப்பைச் சொருகினேன். மெஷின் 'கர்ர்'னு கத்தினது, காத்து 'புஸ்ஸ்'னு போனது. அவ்வளவுதான்.

மாமா டிக்கியைத் திறந்து மொபைல் வெளிச்சத்தில் சிலிண்டரையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"ஸ்டெப்னி எங்க மாப்ள?"

"மொட்டை மாடியில மாமா..."

அவர் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

கஷ்டம் அதுக்கப்புறம்தான். அத்தைக்கு சர்க்கரை. மாத்திரை போட்டாச்சு, சாப்பாடு இன்னும் உள்ளே போகலை. அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. லாரிகள் சர்ரு சர்ருன்னு போகுது, பக்கத்தில் கடை கண்ணி எதுவும் இல்லை. தாம்பூலப் பையில் லட்டு இருந்ததோ, பொழச்சோமோ! மச்சான் மாங்காட்டிலிருந்து அவன் ஃப்ரெண்டோட வண்டி ஸ்டெப்னியைக் (அதே மாடல், சாமி புண்ணியம்) கொண்டுவந்து சேர்க்கும்போது மணி பன்னெண்டு அஞ்சு.

அந்த ரெண்டு மணி நேரத்தில் மண்டைக்குள் ஓடின கேள்விதான் இந்தப் பதிவு. இந்த ஸ்டெப்னி எப்போ வந்தது? எதுக்கு வந்தது? மாடிஃபை பண்ண வண்டியில் அதைத் தூக்கி வீட்டில் வைக்கலாமா கூடாதா?

அதுக்கு முன்னாடி, யாருங்க அந்த ஸ்டெப்னி?

நம்ம ஊரில் 'ஸ்பேர் டயர்'னு சொல்றவங்க கம்மி. லாரி டிரைவர், பஞ்சர் கடை, கால் டாக்ஸி, எல்லாருக்கும் அது ஸ்டெப்னிதான். (அந்த வார்த்தைக்கு நம்மாளுங்க குடுத்திருக்கிற இன்னொரு அர்த்தம் பக்கம் நான் போகலை. தங்கமணியும் இந்தப் பதிவைப் படிப்பாங்க. ஹி ஹி.) ஆனா இங்கிலாந்தில் இன்னைக்குப் போய் ஸ்டெப்னின்னு கேட்டா லண்டனில் இருக்கிற ஒரு ஏரியாவுக்கு வழி சொல்லுவாங்க. நம்ம ஸ்டெப்னிக்கும் அந்த லண்டன் ஏரியாவுக்கும் சம்பந்தமில்லை.

இது வேல்ஸ் நாட்டில் லனெல்லிங்கிற ஊரில் இருக்கிற ஸ்டெப்னி தெரு. அங்கே இரும்பு சாமான் கடை வச்சிருந்த தாமஸ் மாரிஸ் டேவீஸ், வால்டர் டேவீஸ்னு அண்ணன் தம்பி. 1904-ல் அவங்க கண்டுபிடிச்சதுதான் ஸ்டெப்னி ஸ்பேர் வீல். தெருப் பேரையே சரக்குக்கும் வச்சிட்டாங்க. நம்ம ஊரில் ஊர்ப் பேரோட பூட்டும் அல்வாவும் விக்கிற மாதிரி.

அது வரைக்கும் என்ன பண்ணாங்க? காத்தடிச்ச டயரை ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை வாங்கினது 1888-ல். அவர் பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காகப் பண்ணிப் பார்த்தது அது. 1895-ல் பாரிஸ் - போர்டோ ரேஸில் மிஷ்லன் சகோதரர்கள் காத்தடிச்ச டயரைக் காரில் மாட்டி ஓட்டினாங்க. வழியெல்லாம் பஞ்சர். கேலி பண்ணாதவங்க பாக்கி இல்லை. ஆனா சவாரி சுகத்தைப் பார்த்தப்புறம் கட்டி ரப்பருக்கு யாரும் திரும்பிப் போகலை.

அந்தக் காலத்து ரோடு குதிரைங்களோட ரோடு. லாடத்திலிருந்து விழுந்த ஆணி எங்கே பார்த்தாலும் கிடக்கும். அப்புறம் முக்கியமான விஷயம், அப்போ கார் சக்கரத்தை இப்போ மாதிரி நாலு நட்டைக் கழட்டி எடுத்துட முடியாது. சக்கரம் வண்டியிலேயே இருக்கும், நடு ரோட்டில் உட்கார்ந்து டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டி, திரும்பவும் நுழைச்சு, கையால் காத்தடிக்கணும். மழையிலும் ராத்திரியிலும் அதே கதைதான்.

டேவீஸ் சகோதரர்கள் பண்ண வேலை ரொம்ப சிம்பிள். ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் ரிம், அதில் ஏற்கனவே காத்தடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம், அதுக்குப் பக்கத்திலேயே இந்த ரிம்மை வச்சு கிளாம்பால் இறுக்கிட்டு மெதுவா ஓட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரலாம். லண்டன் டாக்ஸிக்காரங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கம்பெனி பல நாட்டுக்கு ஏஜென்சி குடுத்து வித்தது.

ஒரு விஷயத்தை கவனிங்க. அந்தக் காலத்தில் கார் கம்பெனிங்க ஸ்பேர் வீலே தரலை. வண்டி வாங்கினவர் வெளியிலிருந்து வாங்கி மாட்டிக்கிட்டதுதான் ஸ்டெப்னி. அதாவது, ஸ்டெப்னியே ஒரு மாடிஃபிகேஷன்! நான் என்னடான்னா இன்னொரு மாடிஃபிகேஷனுக்காக அதைத் தூக்கி மாடியில் போட்டிருக்கேன்.

கொஞ்ச வருஷத்திலேயே கழட்டி மாட்டற சக்கரம் பரவலாச்சு. கார் கம்பெனியே அஞ்சாவது சக்கரத்தைக் குடுக்க ஆரம்பிச்சதும் டேவீஸ் சரக்குக்கு வேலை இல்லாமப் போச்சு. பேர் மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு. மால்டா தீவிலும் இதே பேர்தானாம். பிரேசிலில் ஸ்பேர் டயருக்கு 'எஸ்டெப்பி'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கும் இதுதான் தாத்தான்னு சொல்றாங்க.

நம்ம ஊர் ஆணிக்கு நம்ம ஊர் வைத்தியம்

பஞ்சர் பிரச்சினைக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மாத்து டயர் தூக்கிக்கிட்டுப் போறது. இன்னொண்ணு ரோட்டில் ஆணியே இல்லாமப் பண்றது. ரெண்டாவது வழியை முயற்சி பண்ணவர் நம்ம ஆள்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் ஆரம்பத்தில் மதுரைப் பக்கம் பஸ் விட ஆரம்பிச்சப்போ, ரோடு முழுக்க மாட்டு லாடத்து ஆணியும் குதிரை லாடத்து ஆணியும். பஸ் நேரத்துக்குப் போய்ச் சேரணும்னா பஞ்சர் ஆகக் கூடாது. அதனால் காந்தம் பொருத்தின வண்டி ஒண்ணை ரோட்டில் ஓட்டி ஆணியைப் பொறுக்க வச்சார்னு டி.வி.எஸ். வரலாறு சொல்லுது. யோசிச்சுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு. ரோட்டைப் பெருக்கற செலவையும் பஸ் கம்பெனி தலையில் போட்டுக்கிட்டு ஒருத்தர் தொழில் பண்ணியிருக்கார்.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் ரேஷன் வந்ததும் தமிழ்நாட்டு ரோட்டில் கரி பஸ் ஓட ஆரம்பிச்சது. மரக்கரியைக் குறைஞ்ச காத்தில் எரிச்சு, அதில் வர்ற கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயுவை இன்ஜினுக்குக் குடுக்கிறது. அதுக்கான 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'டை சுந்தரம் ஐயங்கார் கம்பெனியே தயாரிச்சது. சி.என்.ஜி. கிட் போட்டுக்கிட்டு நான் என்னமோ புதுசா பண்ணிட்ட மாதிரி திரிஞ்சேன். எண்பது வருஷம் முன்னாடியே நம்ம தாத்தாக்கள் வண்டிப் பின்னாடி அடுப்பையே கட்டிக்கிட்டு ஓட்டியிருக்காங்க! இழுவை கம்மி, மேடு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளணும், ஆனாலும் ஓடியிருக்கு.

அப்போ பெட்ரோலை விடப் பெரிய தலைவலி டயர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. உலகத்து ரப்பரில் பெரும் பகுதி மலேயாவிலிருந்தும் டச்சு இந்தோனேசியாவிலிருந்தும் வந்துக்கிட்டிருந்தது. ரெண்டும் ஜப்பான் கையில் போச்சு. கரியை வச்சு பெட்ரோலுக்கு மாத்து கண்டுபிடிச்சிடலாம், ரப்பருக்கு எங்கே போறது? பழைய டயருக்கே மேல்தோல் ஒட்டி ஓட்டற ரீட்ரெடிங் தொழிலில் டி.வி.எஸ். இறங்கினது சும்மா இல்லை.

அமெரிக்காவில் அந்த வருஷம் ஒரு உத்தரவு போட்டாங்க. ஒரு காருக்கு அஞ்சு டயர்தான் வச்சுக்கலாம், அதுக்கு மேல இருந்தா அரசாங்கத்துக்குக் குடுத்துடணும். நாலு இல்லை, அஞ்சு! ரப்பருக்கு அப்படி அலைஞ்ச நேரத்தில்கூட அந்த அஞ்சாவதைப் பிடுங்கலை. இதைப் படிச்சப்போ எனக்கு நெமிலிச்சேரி ஞாபகம்தான் வந்தது.

அம்பத்தூர் வழியா

மாமாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவர் அம்பத்தூர் டன்லப்பில் வேலை பார்த்தவர். மேற்கு வங்காளத்து சாஹாகஞ்சுக்கு அப்புறம் டன்லப்போட ரெண்டாவது இந்தியத் தொழிற்சாலை 1959-ல் அம்பத்தூரில் வந்தது. அந்தப் பக்கம் திருவொற்றியூரில் 1946-ல் பலூன் பண்ண ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப்., 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கு வந்து, 1961-ல் டயருக்கு வந்தது. டன்லப் தொழிற்சாலை ஓடறது நின்னு வருஷம் பல ஆச்சு. ஆனா நம்ம மாங்காட்டைச் சுத்தி இன்னைக்கும் ரப்பர் வாசனைதான். ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், தேர்வாய்கண்டிகையில் அந்த ரேஸ் சகோதரர்களோட மிஷ்லன். இத்தனை டயர் கம்பெனிக்கு நடுவில் குடியிருந்துக்கிட்டு ஒரு டயர் இல்லாம ரோட்டில் நின்னேன் பாருங்க. அவ்வ்வ்!

மறுநாள் காலையில் மாமா மொட்டை மாடிக்குப் போய் அந்த ஸ்டெப்னியைப் பார்த்தார். டயர் பக்கவாட்டில் இருக்கிற எழுத்துங்க கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், தெரியுமோ? முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நம்மளோடதில் 1415. 2015-ல் பதினாலாவது வாரம் பண்ணது. ரெண்டு வருஷம் மாங்காட்டு வெயிலில் காய்ஞ்சு ஓரமெல்லாம் பாளம் பாளமா வெடிப்பு. "இத கொண்டு போயிருந்தாலும் பாதி வழியில வெடிச்சிருக்கும் மாப்ள. டயருக்கு ஓடலைன்னாலும் வயசாகும்." அப்பதான் உறைச்சது. ஸ்டெப்னி இல்லாமப் போனது அன்னைக்கு ராத்திரி இல்லை, மாடியில் தூக்கிப் போட்ட அன்னைக்கே அது போயிடுச்சு.

அப்போ அந்த மெக்கானிக் சொன்னது தப்பா?

முழுசா தப்பில்லை. அதையும் சொல்லித்தான் ஆகணும். டியூப் டயரில் ஆணி ஏறினா டியூப் கிழிஞ்சு காத்து சட்டுனு போயிடும். டியூப்லெஸ்ஸில் ஆணியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும், காத்து மெதுவாத்தான் இறங்கும். மிதமா ஓட்டிக்கிட்டே பஞ்சர் கடைக்குப் போய்ச் சேரலாம். கோர்ட், சட்டமெல்லாம்கூட இந்தப் பக்கம் நகர்ந்திருக்கு. மூணு தேதி சொல்றேன்.

2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி கேஸ் கிட்டுக்கு வழி விட்டாங்க. அங்கீகாரம் வாங்கின கிட்டாகவும் ஆர்.சி.யில் பதிஞ்சதாகவும் இருக்கணும். சி.என்.ஜி. சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் டெஸ்ட் பண்ணணும்.

2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒண்ணில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, கம்பெனி பண்ணி ஆர்.சி.யில் பதிஞ்ச அமைப்புக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு.

2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணி வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லைன்னாங்க. ஆனா நிபந்தனை இருக்கு: டியூப்லெஸ் டயர், கூடவே ரிப்பேர் கிட், கூடவே காத்தழுத்தம் குறைஞ்சா டிரைவருக்கு எச்சரிக்கை காட்டற டி.பி.எம்.எஸ். கருவி.

நாம கோட்டை விடற இடம் இதுதான். புதுக் காரில், மின்சாரக் காரில் ஸ்டெப்னி இல்லைன்னா அந்த இடத்துக்கு வேற ஏதோ வச்சுத்தான் எடுத்திருக்காங்க. டயர் மாறியிருக்கு, கருவி வந்திருக்கு. நம்ம 2015 வண்டியில் டி.பி.எம்.எஸ். கிடையாது. நாம ஸ்டெப்னியை எடுத்தோம், பதிலுக்கு ஒண்ணும் வைக்கலை. அந்தக் கிட்டும் தரையில் படற பாகத்துக்குத்தான். பக்கவாட்டில் டயர் சுத்தும்போதெல்லாம் மடங்கி நிமிரும், உள்ளே இருக்கிற நூல் அறுந்துபோனா எந்த ஸ்ட்ரிப்பும் எந்தப் பசையும் நிக்காது.

பழைய கதை மொத்தமும் எனக்குச் சொன்னது இதுதான். டேவீஸ் தம்பிங்க ரிம் குடுத்தாங்க, ஐயங்கார் காந்தம் ஓட்டினார், 2020 விதி டி.பி.எம்.எஸ். கேட்குது. ஒவ்வொரு காலத்திலும் அந்த ஆணிக்கு யாரோ ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டிருக்காங்க. நான் மட்டும் யாரும் எடுத்துக்காத பொறுப்பை வண்டியில் ஏத்திக்கிட்டு, அதுக்கு மேல அத்தையையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்.

இப்போ என்ன பண்றேன்?

குன்றத்தூர், போரூர், பூந்தமல்லி வரைக்கும்னா ஸ்டெப்னி இல்லாமலே போறேன். தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை. ரிங் ரோடு, பைபாஸ், வெளியூர்னா புது ஸ்டெப்னி ஒண்ணு கூட வருது. பின் சீட்டில் ஒரு ஆள் குறைச்சு, கீழே படுக்க வச்சு பெல்ட்டால் இறுக்கிக் கட்டிடறேன். கட்டாம விட்டா பிரேக் அடிக்கும்போது அதுவே ஆளை அடிக்கும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சிலிண்டருக்கு அடியில் மாட்டிக்காம கைக்கு எட்டற இடத்தில் இருக்கு. மாசம் ஒரு தடவை ஸ்டெப்னிக்கும் காத்து. அலாய் போட்டுப் பெரிய டயருக்கு மாறின நண்பர்கள், உங்க பழைய ஸ்டெப்னி அளவு இன்னும் பொருந்துதான்னு ஒரு தடவை மாட்டிப் பார்த்துடுங்க. வெளி விட்டம் வித்தியாசப்பட்டா இழுக்கிற அச்சில் அதை மாட்டி ரொம்ப தூரம் ஓட்டக் கூடாது.

போன வாரம் திருத்தணி கிளம்பினோம். மாமா வந்தார். வழக்கம் போல முன் சீட்டில் உட்காரப் போறவர், ஒரு நிமிஷம் நின்னு பின் கதவைத் திறந்து பார்த்தார். குனிஞ்சு அந்த நாலு இலக்கத்தைப் படிச்சார். பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"ம். போலாம் மாப்ள."

அத்தை பையில் லட்டு இருந்தது. தனியா கேட்டுக்கிட்டேன்.

உங்க வண்டியில் என்ன நிலைமை? ஸ்டெப்னி இருக்கா, அந்த நாலு இலக்கம் என்னன்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: நான் மெக்கானிக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. ரோட்டில் நின்ன அனுபவம் மட்டும்தான் நமக்கு டிகிரி :-)